கேரவனின் தாழ்ந்த பக்கம்

மறுபடியும் வருகிறது. குளியலறைக் கதவுக்கு அடியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு, எந்த அவசரமும் இல்லாமல், தரைவிரிப்பின் ஓரத்தை நனைத்துக்கொண்டு வருகிறது. நான் சோபாவில் காலைத் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு நாற்றம் தெரியக்கூடாதுதான், மூக்கின் இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்திருக்கிறார் மேக்கப்காரர், நான் செத்துப்போனவள். பஞ்சையும் மீறித் தெரிகிறது. நெற்றியில் கோந்து போட்டு ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு வியர்வையில் ஒரு பக்கம் எழும்புகிறது, அடிக்கடி விரலால் அழுத்திவிட்டுக்கொள்கிறேன். தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிந்த வெள்ளைத் துணி வேறு. பிணத்தின் வாய் திறந்துகொள்ளாமல் இருக்கக் கட்டுவார்களே, அந்த நாடிக்கட்டு. அதை மட்டும் அவிழ்க்காதீங்கம்மா, அடுத்த ஷாட்டுக்கு அப்படியே வேணும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கதாநாயகனின் அம்மா இன்று காலை உப்பளத்தில் வெயில் தாங்காமல் விழுந்து செத்தாள். அந்த அம்மா நான். வெயில் கொஞ்சம் இறங்கட்டும் என்று டைரக்டர் காத்திருக்கிறார், பாடை வெளியே குடைக்கு அடியில் காத்திருக்கிறது, நான் கேரவனுக்குள் உட்கார்ந்து இந்தச் சாக்கடையோடு காத்திருக்கிறேன். எவ்வளவு பெரிய கௌரவம் பார். குரூப் டான்ஸராக வந்து, இரண்டே இரண்டு படத்தில் கதாநாயகியாகி, பிறகு அக்காவாகி, அண்ணியாகி, அம்மாவாகி, சாருலேகா என்று போஸ்டரில் பெயர் போடாவிட்டாலும் பார்த்தவுடன் அட இந்தம்மாவா என்று ஜனங்கள் சொல்கிற இடத்துக்கு வந்து, கடைசியில் கிடைத்த கேரவன்.

கேரவன் என்றால் ஒரு பஸ் அளவு வண்டி. நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் கதாநாயகி, இந்தப் பக்கம் நான். இரண்டு பக்கமும் ஒரு சோபா, பல்பு சுற்றிய கண்ணாடி, ஏ.சி., ஒரு குளியலறை. ஆனால் அடியில் இருக்கிற அழுக்கு டேங்க் ஒன்றுதான். அவள் குளித்த தண்ணீரும் நான் கை கழுவிய தண்ணீரும் இரண்டு பேருடைய மற்றதும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன, அதில் மட்டும் சமத்துவம். அது நிரம்பிவிட்டால் தண்ணீர் மேலே ஏறி வரும், எங்கே தரை தாழ்வோ அங்கே உள்ள ஓட்டை வழியாக வரும். அவள் பக்கத்துத் தரை ஒரு படி உயரம். வண்டி வந்த முதல் நாளே கவனித்தேன், படி எதற்கு என்று டிரைவர் ஜெபராஜிடம் கேட்டேன், டிசைன்மா என்றார். டிசைன்தான். கட்டியவன் தெரிந்தேதான் கட்டியிருப்பான், பொங்கினால் எந்தப் பக்கம் பொங்க வேண்டும் என்று. துண்டைச் சுருட்டி ஓட்டையில் அடைத்துப் பார்த்தேன். துண்டு மிதந்து ஒதுங்கிவிட்டது. இது போதாதென்று கை கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் இணைப்பு வேறு ஒழுகுகிறது, வண்டி வந்த நாளிலிருந்தே ஒழுகுகிறது, அது நல்ல தண்ணீர், சொட்டுச் சொட்டாக விழுந்து கெட்ட தண்ணீரோடு சேர்கிறது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு அடிவயிறு இறுகுகிறது. நானும் போக வேண்டும். எங்கே போவது? உள்ளே கணுக்கால் அளவு நிற்கிறது.

காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, இருந்தும் வருகிறது. டாக்டரம்மா திட்டுவார். ஏம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க, உங்களுக்கு ஏன் திரும்பத் திரும்ப இந்த எரிச்சல் வருது, கிட்னியைப் பத்தி நினைச்சுப் பார்த்தீங்களா? அவருக்கு எப்படிச் சொல்வது? ஷூட்டிங் என்றால் பொம்பளைகள் தண்ணீர் குடிப்பதில்லை டாக்டர், அது யாரும் சொல்லிக்கொடுக்காத சட்டம். முதல் நாள் குரூப்பில் ஆட வந்தபோது பக்கத்தில் நின்ற பெண் என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கிக் கீழே ஊற்றினாள். அவுட்டோர்டி இது, குடிச்சா எங்க போவ? அன்றைக்கு ஒரு காய்ந்த ஆற்று மணல். புதரும் இல்லை, மேடும் இல்லை. கடைசியில் தாங்க முடியாமல் போனபோது பத்துப் பெண்கள் வட்டமாக நின்று முந்தானையை விரித்துப் பிடித்தார்கள், நடுவில் நான் உட்கார்ந்தேன், தூரத்தில் லைட்மேன்கள் விசில் அடித்தார்கள், எனக்கு வரவே இல்லை. இவ்வளவு நேரம் முட்டிக்கொண்டு நின்றது, வட்டத்துக்குள் உட்கார்ந்ததும் ஒரு சொட்டு வரவில்லை. சீக்கிரம்டி, கை வலிக்குது என்றாள் ஒருத்தி. இன்றைக்கும் சில இடங்களில் அப்படித்தான், குளியலறை இருக்கும், கதவு இருக்கும், உட்கார்ந்தால் அந்த விசில்தான் கேட்கும். போகட்டும். இப்போது எதற்கு இது? அதை நினைத்ததால்தான் காலையில் அந்தக் காரியத்தைச் செய்தேன். செய்யாமல் இருந்திருக்கலாம். கேரவனில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, ஏ.சி.யைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஜன்னலுக்குத் திரையை இழுத்துவிட்டிருக்கலாம்.

திரை விலகியிருந்தது, அதுதான் வினை. உப்பளம் எங்கே பார்த்தாலும் தட்டை, வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்துகிறது, வானம் வரைக்கும் மறைவு என்று சொல்ல ஒரு செடி கிடையாது. அங்கங்கே குவித்த உப்பு, அதுவும் இடுப்பளவு. ஒப்பாரிக்காக வடபழனிப் பக்கத்திலிருந்து முப்பது நாற்பது பொம்பளைகளை ஏஜென்ட் விடியற்காலையிலேயே வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். பெரும்பாலும் நாற்பது ஐம்பது வயசுக்காரிகள். என் பாடையைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழ வேண்டும், அதுதான் வேலை. அவர்கள் ஒரு ஓரமாக வட்டம் போட்டு முந்தானையை விரிப்பதைப் பார்த்தேன். இன்னும் மாறவில்லையா என்று நினைத்தேன். அப்போது ஹெலிகேம் மேலே கிளம்பிற்று. உப்பளத்தை ஆகாயத்திலிருந்து எடுக்கிறார்களாம், வண்டு போல ரீங்காரம் போட்டுக்கொண்டு நேராக அவர்கள் தலைக்கு மேலே போய் நின்றது. சுற்றி மறைக்கலாம், தலைக்கு மேலே எதை மறைப்பது? நடுவில் உட்கார்ந்திருந்தவள் பாவாடையை வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து ஓடினாள். மானிட்டர் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் கதவைத் திறந்துகொண்டு படியில் நின்று கூப்பிட்டேன். வாங்கம்மா, எல்லாரும் வாங்க, இங்க பாத்ரூம் இருக்கு, ஒருத்தர் ஒருத்தரா வாங்க. பெரிய மகராணி மாதிரி கையை நீட்டிக் கூப்பிட்டேன். அவர்கள் வரவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். முதலில் வந்தவள் பவுனு. கறுத்த, பல் எடுப்பான, கனத்த குரல்காரி, அவள்தான் அந்தக் கூட்டத்துக்கு ஒப்பாரி எடுத்துக் கொடுப்பவள், என் தலைமாட்டில் உட்காருகிறவள். படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம்மா என்று கேட்டாள். யார் சொல்லுவா, இது என் ரூம், நான் பார்த்துக்கிறேன் என்றேன்.

நான் பார்த்துக்கிறேன். எத்தனை சுலபமாக வருகிறது வாயில். அந்த நேரத்தில் எனக்கு இனித்தது, மறைக்க என்ன இருக்கிறது, உள்ளம் குளிர்ந்து போயிற்று. வரிசையாக வந்தார்கள், ஒவ்வொருத்தியும் உள்ளே போகுமுன் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள், ஒருத்தி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சோபாவில் சாய்ந்துகொண்டு பரவாயில்ல பரவாயில்ல என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒவ்வொருத்தியும் வாளியைக் குழாயடியில் வைத்து நிரப்புகிற சத்தம், பிறகு மொத்தமாகக் கொட்டுகிற சத்தம். மறுபடியும் நிரப்புகிற சத்தம், மறுபடியும் கொட்டுகிற சத்தம். ஒரு மக் ஊற்றினால் போதுமானதற்கு ஆளுக்கு ஒரு வாளி, சிலர் இரண்டு வாளி. சுவரைக்கூடத் தேய்த்துக் கழுவினாள் ஒருத்தி. ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகள் போனால் பாத்ரூம் நாறிப்போகும் என்று எத்தனை இடத்தில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்கள். இந்தம்மா நம்மை மதித்துக் கூப்பிட்டிருக்கிறாள், அந்தப் பேச்சு வரக்கூடாது என்று கழுவினார்கள். கடைசியாக வந்தவள் பளபளவென்று துடைத்துவிட்டு மிதியடியை நேராக்கி வைத்துவிட்டுப் போனாள். இந்தக் குளியலறை இத்தனை சுத்தமாக நான் பார்த்ததில்லை. டேங்க் ஒன்று கீழே இருக்கிறது, அதற்கு ஒரு கொள்ளளவு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, வீட்டில் ஊற்றினால் ஊற்றியது போய்விடும். எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். வந்தவர்களிடம் தண்ணீரைக் குறைச்சு ஊத்துங்க என்று சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது, கூப்பிட்டு விருந்து வைத்துவிட்டு சோற்றை அளந்து போடுகிற மாதிரி. இப்போது மேலே ஏறி வருவது பாதிக்கு மேல் அவர்கள் கழுவிவிட்ட நல்ல தண்ணீர்தான். அதை யார் நம்புவார்கள்? மேலே வந்தபிறகு எல்லாம் ஒரே நிறம், ஒரே நாற்றம்.

வண்டிக்கு அடியில் உலோகம் தட்டுகிற சத்தம் நின்றது. கதவைத் தட்டிவிட்டு ஜெபராஜ் தலையை நீட்டினார். முழங்கை வரை ஈரம். வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்து உச்சுக் கொட்டினார்.

"வால்வைத் தொறந்து இங்கயே விட்ரலாம்மா. ஆனா சுத்தி உப்பு. உப்பளத்துக்காரங்க அடிக்க வந்துருவாங்க. டவுனுக்குத்தான் ஓட்டிட்டுப் போவணும்."

"போங்களேன்," என்றேன். நாடிக்கட்டில் தாடை அசையவில்லை, சொல் குழறி வந்தாலும் புரிந்தது.

"எப்படிம்மா போறது? அந்தப் பக்கம் மேடம் தூங்குறாங்க. வண்டிய எடுக்கக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அந்தம்மாவுக்கு நாத்தம் வர ஆரம்பிச்சிருச்சு, போன் மேல போன். அவரு எங்கிட்ட எகிறுறாரு, நேத்துதானேய்யா காலி பண்ணின, ரெண்டு பொம்பளைங்க யூஸ் பண்ணி ஒரு நாள்ல எப்படிய்யா நெறையும்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டேங்க் நெறைஞ்சா எரியற சிகப்பு விளக்கு வேலை செய்யல சார்னு சொன்னேன். அது உண்மைதான். ஆனா அவரு உங்ககிட்ட வந்து கேப்பாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா, நீங்க சொன்னா எடுபடும். இல்லைன்னா ஓனர்கிட்ட என்னையத்தான் போட்டுக் கொடுப்பாரு."

சொல்லிருங்கம்மா. சொல்லிவிடலாம்தான், என்ன பெரிய விஷயம். ஆமாப்பா, நான்தான் கூப்பிட்டேன், பாவம் அவங்களுக்குப் போக இடமில்ல, மேலே ஹெலிகேம் பறக்குது, நீ அவங்களுக்கு ஒரு வழி பண்ணியிருக்கணும், பண்ணல, நான் பண்ணினேன். அழகாக இருக்கிறது, வசனம் எழுதினாற்போல இருக்கிறது. சொன்னால் கதிரேசன் என்ன செய்வான்? அவன் கத்த மாட்டான். இந்தப் புரொடக்‌ஷன் மேனேஜர்களில் கத்துகிறவன் நல்லவன், கதிரேசன் சிரிக்கிறவன். சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போவான். அடுத்த ஷெட்யூலில் கேரவன் இருக்காது. வண்டி ப்ரேக்டவுன்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க என்பான். மறுபடியும் காஸ்ட்யூம் வேனுக்குப் பின்னால் ஒருத்தி வேட்டியைப் பிடிக்க நான் உடை மாற்ற வேண்டும், இந்த வயசில், இந்த உடம்பை வைத்துக்கொண்டு. இதே கம்பெனியின் அடுத்த படத்தில் ஒரு அம்மா வேஷம் பேசி வைத்திருக்கிறார்கள், அதில் நான் கடைசி வரை சாகவே மாட்டேன், எத்தனை வருஷத்துக்குப் பிறகு அப்படி ஒன்று. அதுவும் போகும். அம்மா நடிக்க ஆளா இல்லை? வாசலில் வரிசை நிற்கிறது. இந்தக் கேரவனைக் கேட்பதற்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போனைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன், கேரவன் இருந்தா வரேன்ப்பா என்று சாதாரணமாகச் சொல்வதற்கு. ஒரு வழியாகச் சொன்னேன். மறுமுனையில் அவன் சிரித்தான், பார்க்கலாம்மா. கிடைத்துவிட்டது. கிடைத்ததும் முதல் வேலையாக ஊரைக் கூப்பிட்டு விருந்து வைத்தேன். யாருக்காக? அவர்களுக்காகவா, இல்லை எனக்கும் கதவு திறந்துவிடுகிற அளவுக்கு ஒரு இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவா? ஐயோ, அடிவயிறு. இடது பக்கம் ஊசி குத்துகிற மாதிரி ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் இப்போது சோபாவின் கால் வரை வந்துவிட்டது. சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அவன் யாரையாவது பிடித்துக்கொள்வான். யாரை? ஜெபராஜை. இல்லை, முதலில் உள்ளே நுழைந்தவளை. சொல்லிவிடலாம். கேட்டால் சொல்லலாம். கேட்காமல் நானாக எதற்கு ஆரம்பிப்பது? கேட்டால் சொல்கிறேன், கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கேட்டான். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு படியில் நின்றான், உள்ளே கால் வைக்கவில்லை, வெள்ளை ஷூ. முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்னம்மா இது, பெரிய ஆர்ட்டிஸ்ட்டை இப்படி உட்கார வச்சிட்டோமே. ரொம்ப சாரிம்மா. வண்டிக்காரன் சரியில்ல, மாத்திடுறேன்."

அவர் மேல தப்பில்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே தொடர்ந்தான்.

"இல்ல, நம்ம அசிஸ்டென்ட் ஒருத்தன் சொல்றான், காலைல இந்த ஒப்பாரிப் பொம்பளைங்க இங்க வந்து போனாங்களாம். அந்தப் பல்லு எடுப்பா ஒரு அம்மா, அதான் கூட்டத்தையே இழுத்துக்கிட்டு வந்துச்சாம். ஏம்மா, நீங்க அசந்து தூங்கிட்டீங்களா? அதுங்க பாட்டுக்குப் புகுந்திருச்சுங்க. அதானே?"

அதானே என்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும் அவனுக்குத் தெரியும் என்று. பதிலை அவனே தயார் பண்ணி, ஆறவைத்து, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நீட்டுகிறான், நான் விழுங்க வேண்டியதுதான் பாக்கி. விழுங்காவிட்டால் என்ன என்பதும் அந்தச் சிரிப்பில் இருக்கிறது. பின்னால் ஜெபராஜ் நின்றுகொண்டிருந்தார், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு. பேசுவதற்குத்தான் நினைத்தேன். இல்லப்பா என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வந்துவிடும். தாடை இறுகிக் கிடந்தது, ஆனால் அதைக் காரணம் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் முன்னால் ஜெபராஜிடம் இதே கட்டோடு பேசினேன். தலையை ஆட்டினேன். மேலும் கீழுமாக, ஒரே ஒரு தரம். நெற்றிக் காசு கழன்று மடியில் விழுந்தது.

"நினைச்சேன்," என்றான் கதிரேசன். "நீங்க எதுக்கு அதுங்களைச் சேர்க்கப் போறீங்க. இன்னிக்கு ஷாட்ல தலைமாட்டுல அந்தம்மாதான் இருக்கு, மாத்த முடியாது. ஷாட் முடியட்டும். இனி எந்தக் கம்பெனியிலயும் அது உள்ள வராது, ஏஜென்ட்கிட்டச் சொல்லிட்டேன்னா போதும். இப்ப அதையே விட்டுக் க்ளீன் பண்ணச் சொல்றேன். அசிங்கம் பண்ணினவங்கதான் அள்ளணும்."

போய்விட்டான். ஜெபராஜும் அவன் பின்னாலேயே போனார். காசை எடுத்து நெற்றியில் வைத்து அழுத்தினேன், கோந்து காய்ந்துவிட்டது, ஒட்டவில்லை. ஏன் ஆட்டினேன்? ஷாட் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு அவனிடம் சொல்லிக்கொள்ளலாம், கதிரேசா, அந்தம்மாவை விட்டுடுப்பா, எனக்காக என்று. எனக்காக. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு பெரிய மனுஷித்தனம் ஆகிவிடும், அவளும் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். சீ. என்ன ஜென்மம் நான். நாளைக்குச் சொல்லலாம். டைரக்டரிடம் சொல்லலாம். டைரக்டர் நல்ல பையன், உலக சினிமா எல்லாம் பேசுவான், உழைக்கிற ஜனங்களைப் பற்றித்தான் இந்தப் படமே. அவன் காதில் போட்டால் கதிரேசன் காதுக்கு வரும். வந்தால் அடுத்த படம். அதே இடத்தில்தான் வந்து நிற்கிறேன், எந்தப் பக்கம் கிளம்பினாலும் அடுத்த படத்தில் வந்து முட்டுகிறேன்.

பவுனு வாளியும் சாக்கும் கொண்டுவந்தாள். படிக்குக் கீழே செருப்பைக் கழற்றினாள், இந்தச் சாக்கடைக்குள் வருவதற்கும் செருப்பைக் கழற்றினாள். புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து சாக்கை ஒற்றி வாளியில் பிழிந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் பிழிந்த தண்ணீர் வாளிக்குள் விழுகிற சத்தத்தில் எனக்கு வயிறு தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அசிங்கமாக இருந்தது, இறக்கினால் அவள் துடைத்த இடத்தில் வைக்க வேண்டும், இறக்கவில்லை.

"பவுனு," என்றேன்.

"கால நல்லா தூக்கி வச்சுக்கங்கம்மா. பொடவ நனஞ்சுறப் போவுது. ஷாட்டுல தெரியும்."

"நான் வேணும்னு சொல்லல பவுனு. அவன் கேட்ட விதம்…"

"நாங்களா பூந்துட்டோமான்னு கேட்டதுக்குத் தலையாட்டுனீங்களாமே." குரலில் கோபம் இல்லை. விலை விசாரிக்கிற மாதிரி கேட்டாள். சாக்கைத் திருப்பிப் போட்டு இன்னொரு பக்கம் ஒற்றினாள். "எம் மருமவளும் வந்துருக்கா இந்தக் கூட்டத்துல. முழுகாம இருக்கா. அவளுக்குத்தாம்மா தாங்கல, அதான் நீங்க கூப்புட்டதும் நான் மொதல்ல வந்தேன், ஒண்ணும் சொல்லலைன்னா அவளக் கூட்டியாரலாம்னு. சுத்தமா கழுவிட்டுத்தான் வந்தோம். ஒவ்வொருத்திகிட்டயும் நான்தான் சொன்னேன், ரெண்டு வாளி ஊத்துங்கடி, அந்தம்மா பேரு கெடக் கூடாதுன்னு."

ஷாட் முடியட்டும், நான் பேசறேன் என்றேன். குழறிற்று. அவள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள் வாசலில் ஒரு கணம் நின்றாள்.

"நீங்க கூப்புட்டிருக்கவே வேணாம்மா. நாங்க எப்படியோ அடக்கிக்கிட்டு இருந்திருப்போம். பழக்கந்தானே."

ஷாட் ரெடி என்று வெளியே கத்தினார்கள். எழுந்தேன், இடுப்புக்குக் கீழே எரிகிறது, நடக்கும்போது தொடையை ஒட்டி வைத்துக்கொண்டு நடந்தேன். உப்பிலிருந்து எழும்புகிற வெளிச்சம் கண்ணைத் திறக்க விடவில்லை. பாடையில் படுத்தேன். மேக்கப்காரர் காசை மறுபடி ஒட்டினார், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார், மாலையைப் போட்டார். சுற்றிலும் பொம்பளைகள் வந்து உட்காருகிற சத்தம், வளையல் சத்தம், முழங்கால் மடங்குகிற சத்தம். வழக்கமாக உட்காரும்போது ஏதாவது பேசிக்கொள்வார்கள், சிரித்துக்கொள்வார்கள், ஒருத்தி காலையில் என் காதோரம் குனிந்து அம்மா நீங்க நெஜமாவே செத்தா நாங்க இன்னும் நல்லா அழுவோம் என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள். இப்போது ஒரு சத்தம் இல்லை. தலைமாட்டில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். கையில் அந்தச் சாக்கு வாடை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆக்‌ஷன்.

பவுனு மூச்சை இழுத்தாள், பிறகு என் தலைக்கு மேலே அந்தக் கனத்த குரல் எழுந்தது. காலையில் பாடினது வேறு, வாய்க்கு வந்த பழைய அடிகள், தங்கத் தேரு, முத்துப் பல்லக்கு என்று. இது அது இல்லை.

"கதவத் தொறந்து வச்சு கை நீட்டிக் கூப்புட்டியே, எந்தாயே…
கால் தூசி படாம நாங்க கழுவிட்டுத்தான் வந்தோமே, எந்தாயே…
எமன் வந்து வாசலிலே ஆரு ஆருன்னு கேக்கையிலே, எந்தாயே…
அசையாத தலையசைச்சு எங்களத் தள்ளிவிட்டுப் போனியே, எந்தாயே…"

எந்தாயே என்று நாற்பது பேரும் மாரில் அடித்தார்கள். காலையில் அடித்த அடி இல்லை, தரை அதிர்ந்தது. அவளுக்குக் கோபமே இல்லை என்று நினைத்தேனே. முகத்தில் சொட்டுச் சொட்டாக விழுகிறது, அவள் கண்ணீரா வியர்வையா தெரியவில்லை, துடைக்க முடியாது, நான் பிணம். மூச்சு விடக்கூடாது, நெஞ்சு தூக்கக்கூடாது, கண்ணிமை துடிக்கக்கூடாது. அவள் நான்கு அடியையும் திரும்ப எடுத்தாள், இன்னும் பக்கத்தில் குனிந்து, கடைசி அடியை என் காதுக்குள்ளேயே சொன்னாள்.

கட் என்று யாரும் கத்தவே இல்லை. பிறகு டைரக்டர் கை தட்டினான், எல்லாரும் கை தட்டினார்கள். ஓடி வருகிற காலடிச் சத்தம் கேட்டது, உப்பு நொறுங்குகிற சத்தம்.

"என்ன லைன்ஸ்ங்க இது! எமன்கிட்டத் தலையாட்டிட்டு எங்களைத் தள்ளிவிட்டுட்டியே… புல்லரிக்குது. எழுதி வச்சுக்க முடியாது இதெல்லாம். யாருங்க இந்தம்மா? மேனேஜர், இவங்க பேர் என்ன?"

"ஏஜென்ட் கூட்டிட்டு வந்த ஆளு சார்," என்றான் கதிரேசன். "பேரெல்லாம் தெரியல. கூட்டத்துல ஒருத்தி."

நான் அவனுக்கு மூன்றடி தூரத்தில் படுத்திருக்கிறேன். கேமரா ஓடவில்லை. கண்ணைத் திறக்கலாம், எழுந்து உட்காரலாம், பவுனு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்றெழுத்து. டைரக்டர் குனிந்து பார்த்திருப்பான். என் உதடு அசையவில்லை. தலைமாட்டில் இருந்தவளும் ஒன்றும் சொல்லவில்லை, நான் சொல்கிறேனா என்று பார்த்திருப்பாள் போல.

"சரி, யாரா இருந்தா என்ன," என்றான் டைரக்டர். "இதையே க்ளோசப்ல வேணும். ஒன் மோர். அம்மா, நீங்க பிரமாதமா செத்திருக்கீங்க, அப்படியே இருங்க, அசையாதீங்க."

"மொதல்லேர்ந்தா சார்?" என்று கேட்டாள் பவுனு.

"மொதல்லேர்ந்தும்மா."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.